அரை இன்ஜினியர் கற்ற ஜப்பான் மொழி

இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து பாதியில் நடையைக் கட்டியவன் என்பதால் பாட்டில் மூடித் தொழிற்சாலையில் அவனுக்கு அரை இன்ஜினியர் என்று பெயர். அதையும் முழுசாகச் சொல்லச் சோம்பல்பட்டவர்கள் ‘அரை’ என்று கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான். பாட்டில் மூடி வார்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்கக் கொட்டக்கொட்ட முழித்திருப்பவனுக்கு அரையே அதிகம் என்பது அவன் கட்சி.

பகலில் தூக்கம் அக்கா வீட்டு ஹாலில், சோபாவில். அதற்காக அந்த வீடு பொழுதுக்கும் குசுகுசுவென்று பேசியது. அக்கா புருஷனுக்குத் தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடினார். அக்கா மகள் பாடத்தை வாய்க்குள்ளேயே படித்துப் படித்து, பரீட்சையிலும் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மார்க்கைப் பார்த்த அன்று அக்காவுக்குப் பொறுமை போனது. பகல் ஷிப்டுக்கு மாறு, இல்லையென்றால் வேறு சோபா பார் என்று முடித்துவிட்டாள்.

பகல் ஷிப்டு கேட்டவுடனே கிடைக்கிற பொருளா? கேட்டவர்கள் வரிசையில் நின்றே நரைத்துப்போயிருந்தார்கள். ஆனால் அவனுக்கு ஒரு வழி பிறந்தது. மூடி மெஷின் ஜப்பானில் செய்தது. அதன் எண்ணெய் பம்பு ராத்திரியில் மட்டும் பல்லை நறநறவென்று கடிக்கும், மூடிகள் கோணலாக விழும். விடிந்தால் பச்சைப்பிள்ளை மாதிரி ஓடும். இதைப் பார்க்க மெஷின் செய்த இடத்திலிருந்தே ஒரு மெக்கானிக் வருகிறார், அவருக்குத் தன் மொழியை விட்டால் ‘ஓகே’ மட்டும்தான் தெரியும் என்றார் மேனேஜர். போனில் மொழிபெயர்க்கலாம் என்றால், மெஷின்கள் ஓடும் இரைச்சலில் போனுக்குக் காது கேட்காது.

“நீதான் எப்பப் பாத்தாலும் ஜப்பான் புத்தகம் படிக்கிறியே. பேசிருவியா?”

“பேசிரலாம் சார்.”

“ஒழுங்கா முடிச்சுக் குடு. பகல்ல போட்டுர்றேன்.”

அவன் படித்த லட்சணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய படக்கதைகள் அவை. முதல் புத்தகத்தை நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் படித்துவிட்டு, செத்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து கடைசியில் சமாதானமாகிற அற்புதமான கதை என்று இரண்டு பேரிடம் சிலாகித்தவன் அவன். வலமிருந்து படிக்க வேண்டும் என்று தெரிந்தபிறகு பாதி சுவாரசியம் போனது.

அந்த மொழியில் சுலப எழுத்தும் உண்டு, சீன எழுத்தும் உண்டு. சுலபமானதைக் கற்றான். சீன எழுத்தைக் கண்டால், கல்லூரியில் கணக்கைக் கண்டபோது செய்ததையே செய்தான்: பக்கத்தைப் புரட்டினான். பேச்சுக் குமிழியெல்லாம் சீன எழுத்தால் நிரம்பியிருக்க, படத்தின் குறுக்கே தடிதடியாக எழுதிய சத்தங்கள் மட்டும் அவன் பங்குக்கு மிஞ்சின. மழை பெய்கிற சத்தம், வயிறு இரைகிற சத்தம், நெஞ்சு அடிக்கிற சத்தம். நம் சலசல, மடமட மாதிரியேதான். ஒருவரும் பேசாமல் நின்றால் அந்த மௌனத்துக்கும் ஒரு சத்தம் போட்டார்கள்: ஷீன். இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு ஜப்பான் மொழி வந்துவிட்டது என்று நினைத்தான். ஊமைக்கு உளறுவாயன் உயர்வு என்கிற கணக்கு.

மெக்கானிக் காலையில், அவன் ஷிப்டு முடிகிற நேரத்துக்கு வந்தார். சின்ன உருவம், பெரிய பெட்டி. மேனேஜர் அவனை முன்னே தள்ளினார். புத்தகத்தை முன்னால் வைத்திருந்த யாரோ சில இடங்களில் ஓரத்தில் சுலப எழுத்திலும் இங்கிலீஷிலும் எழுதிவைத்த புண்ணியத்தில், முழுசாக மனப்பாடமான ஒரே வாக்கியத்தை அவன் எடுத்துவிட்டான். பாலத்தின் நடுவில் வாளோடு நிற்கிறவன் எதிராளியிடம் சொல்வது: ‘உன் பேரைச் சொல். கல்லறைக்கு வேண்டும்.’

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் பேர் அட்டையை நீட்டினார்.

“பரவாயில்லையே,” என்றார் மேனேஜர். “பேர் கேட்டுட்டான்.”

அடுத்து பம்பைப் பற்றிச் சொல்லச் சொன்னார். பம்புக்கு வார்த்தை தெரியாது. எண்ணெய்க்குத் தெரியாது. பேய்க்குத் தெரியும், ‘பழிக்குப் பழி’ என்பதற்குத் தெரியும். மெக்கானிக் காத்திருந்தார். மேனேஜர் காத்திருந்தார். மெஷினோ மாமியார் கூடக் குறை சொல்ல முடியாதபடி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போச்சு சோபா என்று நினைத்தவன், போகிற போக்கில் பம்பைக் காட்டி ‘ஷீன்’ என்றான். அப்புறம் கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து ராத்திரியாக்கினான். மறுபடி பம்பைக் காட்டி, “கரிகரி” என்றான்.

மெக்கானிக்கின் புருவம் ஏறியது. “கரகரவா, கரிகரியா?” என்கிற மாதிரி இரண்டையும் சொல்லி இரண்டு விரலை நீட்டினார்.

அவன் யோசித்தான். கரகர என்பது தள்ளுகதவு திறக்கிற சத்தம். கரிகரி, சவப்பெட்டிக்குள் இருப்பவன் நகத்தால் பலகையைச் சுரண்டுகிற சத்தம். சந்தேகமில்லாமல் சவப்பெட்டி. இரண்டாவது விரலைப் பிடித்தான். மெக்கானிக் இன்னொரு சத்தத்தைக் கேட்டார், அவன் தலையாட்டி மறுத்து வேறொன்றைச் சொன்னான். மாட்டுச் சந்தையில் விலைக்கு மல்லுக்கட்டுகிறவர்களைப் போல இருவரும் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தார்கள். மேனேஜர் பக்தியோடு பார்த்தார்.

மெக்கானிக் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து, பம்பு எண்ணெய் உறிஞ்சும் வாயிலிருந்த வலைச் சல்லடையை வெளியே எடுத்தார். சல்லடை என்றே சொல்ல முடியாது, கசடு அப்பிய களிமண் உருண்டை. ராத்திரிக் குளிரில் எண்ணெய் கெட்டியாகும், அடைத்த வலை வழியாக வராது, பம்பு வெறும் வாயை மென்று கத்தும். இவ்வளவையும் அவர் கையாலேயே நடித்துக் காட்டினார். கழுவி மாட்டிவிட்டு, மேனேஜரிடம் அவனைக் காட்டி ஓகே என்றார்.

அவர் போனதும் அவன் பகல் ஷிப்டை ஞாபகப்படுத்தினான். மேனேஜர் அவன் தோளில் கை போட்டார்.

“உன்னைப் பகல்ல போட்டா ராத்திரி மெஷின் என்ன சொல்லுதுன்னு யாருப்பா எனக்குச் சொல்லுவா? இந்த மொழி தெரிஞ்ச ஆள் இங்க நீ ஒருத்தன்தானே.”

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘எனக்கு அந்த மொழி தெரியாது சார். சத்தம்தான் தெரியும், அதைக் காதுள்ளவன் எவனும் சொல்லுவான்.’ சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும், கூடவே அவனை ராத்திரியில் வைத்துக்கொள்ளக் காரணமும் போயிருக்கும். வாய் வரை வந்தது. ஆனால் மூன்று மெஷின் தள்ளி நின்றவர்கள் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, ‘இன்ஜினியர்’ என்று முழுசாகக் கூப்பிட்டான்.

“அது என்னவோ உண்மைதான் சார்,” என்றான் அவன்.

வீட்டில் அக்கா வாசலிலேயே கேட்டாள். தான் இல்லாமல் ராத்திரி ஷிப்டு ஓடாதாம் என்று, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே சொன்னான்.

“ஏன்டா, உனக்குக் கொஞ்சம்கூடப் பொழைக்கத் தெரியலையே,” என்றாள் அக்கா. “ஏதாவது ஒரு பொய்யச் சொல்லியாவது பகலுக்கு வந்திருக்கலாம்ல?”

உண்மையைச் சொல்லியிருந்தாலே போதும் என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை. தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் வீட்டில் சோபா இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தான்.