மேல் திருகு முதலில்

மூன்றாவது கியர் விழ மறுத்தது. நர்ஸம்மா கிளட்சை அடிவரை மிதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தார். காருக்கு அடியிலிருந்து கரகரவென்று சத்தம் எழுந்ததே தவிர, கியர் அசையவில்லை.

"ரெண்டாவதுலயே போங்க," என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த டீச்சர். "தப்பு உங்க மேல இல்ல, வண்டி மேல."

"போன டெஸ்ட்ல நானும் அதைத்தான் சொன்னேன். அந்த ஆபீசர் காதுல போட்டுக்கல."

நர்ஸம்மா ஏற்கெனவே லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை தோற்றவர். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு நடுங்காமல் ஊசி போட்ட கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வியர்த்துவிடும். மூன்றாவது டெஸ்ட் வியாழக்கிழமை. அதுவும் இதே வண்டியில்தான்.

டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். சொந்தமாக இரண்டு கார்கள், வாசலில் ஒரு பலகை, சிவப்புப் பெயிண்டில் பெரிய எழுத்து. அவ்வளவுதான் பள்ளி. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் படுத்தும் பாடு அந்த கியர் பெட்டிகளுக்குத்தான் தெரியும். மற்ற வண்டிகளைவிட இவற்றுக்குச் சீக்கிரமே கியர் ஆயில் மாற்ற வேண்டும். இத்தனை நாள் அந்த வேலையைச் செய்துகொடுத்த மெக்கானிக் கடையைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பெரிய சர்வீஸ் சென்டரில் கேட்டால், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

"நானே மாத்திக்கிறேன்," என்று போனை வைத்தாள் டீச்சர். மெக்கானிக் வேலை செய்யும்போதெல்லாம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தவள். வண்டியோடு வந்த புத்தகத்தையும் வரி விடாமல் படித்திருந்தாள். அவளிடம் இல்லாதது சாமான்கள் மட்டும்தான்.

அந்தச் செய்தி மாடிக்கு எட்டியது. மாடியில் அவள் கொழுந்தன் குடியிருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். தள்ளுபடி என்று எழுதியிருந்தால் எதையும் வாங்கிவிடுவான் என்பதால் தெருவே அவனை 'ஆஃபர்' என்றுதான் கூப்பிட்டது. அவன் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தான். டீச்சரின் கணவர் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அதனால் அண்ணி வீட்டு வேலை எதுவானாலும் தன் தலைமையில்தான் நடக்க வேண்டும் என்பது ஆஃபரின் எண்ணம்.

மறுநாள் காலையிலேயே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

"அண்ணி, எல்லாம் இதுக்குள்ள இருக்கு. சாவி, குழாய், ஆயில் ஏத்துற பம்ப். டார்ச் லைட் இலவசம்."

"டார்ச் லைட்டைப் பார்த்துத்தான வாங்கின?"

"அதுவும் ஒரு காரணம்."

டீச்சர் காரை ஜாக்கியால் தூக்கி, நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, கையால் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் நுழைந்தாள். கியர் பெட்டியில் இரண்டு திருகுகள் உண்டு. அடியில் இருப்பதைத் திறந்தால் பழைய ஆயில் இறங்கும். பக்கவாட்டில், சற்று மேலே இருப்பதன் வழியாகப் புது ஆயிலை ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் தலையில் ஆறு மூலைக் குழி.

ஆஃபரும் தரையில் படுத்துக் கையை நீட்டினான். "கீழ இருக்கிறது லேசா திரும்புது அண்ணி. கழட்டிடவா?"

"கையை எடு."

"ஏன்?"

"மேல இருக்கிறது திறக்குதான்னு தெரிஞ்சப்புறம்தான் கீழ கை வைக்கணும். இருக்கிற ஆயிலை எல்லாம் கொட்டிட்டு, மேல் திருகு வரமாட்டேன்னு அடம் பிடிச்சா என்ன பண்ணுவ? வண்டியைக் கட்டி இழுப்பியா?"

ஆஃபர் கையை எடுத்தான். டீச்சர் பெட்டியிலிருந்த எல் வடிவச் சாவியை மேல் திருகில் செருகி அழுத்தினாள். திருகு அசையவில்லை. சாவிதான் மெல்ல முறுக்கிக்கொண்டது, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி. அவள் உடனே நிறுத்தினாள். இன்னும் ஒரு தடவை அழுத்தியிருந்தால் குழியின் மூலைகள் மழுங்கியிருக்கும். அப்புறம் எந்தச் சாவியும் பிடிக்காது.

வெளியே வந்து முறுக்கிய சாவியைக் கொழுந்தன் கையில் கொடுத்தாள். அவன் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புதுசு அண்ணி இது," என்றான் மெல்ல.

"பரவால்ல விடு. திருகு பிழைச்சுது. சட்டை மாத்திட்டு வா, கடைக்குப் போகலாம்."

சாமான் கடைக்குப் போனதே நர்ஸம்மாவின் அன்றைய பாடமாகிவிட்டது. அவர் இரண்டாவது கியரிலேயே ஊர்வலம் போல ஓட்ட, பின்னால் வந்த வண்டிகள் ஹாரனால் திட்டின. "திட்டட்டும், நீங்க கண்ணாடியைப் பாருங்க," என்று டீச்சர் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஃபர் பின் இருக்கையில் முறுக்கிய சாவியை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் சாவி பிட்டுகளை ஒரு தட்டில் பரப்பினார். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து, ஒன்றின் ஓரத்தில் லேசாக உரசினாள்.

"என்னம்மா, நகை வாங்க வந்த மாதிரி உரசுறீங்க?"

"கீறல் விழுந்தா அதை நானே வாங்கிக்கிறேன். பயப்படாதீங்க."

முதல் பிட்டில் அரம் பதிந்து கோடு விழுந்தது. "இரும்பு மெத்து," என்று அதைத் தன் கணக்கில் சேர்த்து ஓரமாக வைத்தாள். இரண்டாவதில் அரம் கண்ணாடி மேல் உரசியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. அதையும், அதே தரத்தில் மற்ற காருக்கான சின்ன பிட்டையும், அவற்றுக்குப் பொருந்தும் நீளமான கைப்பிடியையும் தனியே எடுத்துவைத்தாள்.

அடுத்தது பம்ப். ஆஃபருக்குப் பளபளக்கும் சிவப்பு பிளாஸ்டிக் பம்ப் ஒன்றின் மேல் கண். அதில் அழுத்தத்தைக் காட்ட முள் ஆடும் ஒரு கடிகாரம் வேறு இருந்தது. டீச்சர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அவனை அழுத்தச் சொன்னாள். கழுத்துப் பக்கம் உஸ்ஸென்று காற்று கசிந்தது.

"இது ஆயில் ஏத்தாது. என் மூஞ்சியில அடிக்கும்," என்றாள்.

கடைக்காரர் உள்ளே போய் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு இரும்பு பம்பைக் கொண்டுவந்தார். பார்க்க அழகாக இல்லை. ஆனால் அடைத்துக்கொண்டு அழுத்தியபோது கைப்பிடி பாதியிலேயே நின்றது. காற்றுக்குத் தப்பிக்க வழியில்லை. குழாயை மடக்கிப் பார்த்தாள். மடிப்பில் வெளுப்பு தட்டவில்லை, விட்டதும் நிமிர்ந்துகொண்டது.

அதுவரை சும்மா நின்ற நர்ஸம்மா முன்னால் வந்தார். "உள்ள இருக்கிற ரப்பர் என்ன ரப்பர்?"

"ஏம்மா?" என்றார் கடைக்காரர்.

"எண்ணெய் பட்டா சில ரப்பர் ஊறி உப்பிடும். எங்க வார்டுல பார்த்திருக்கேன். எண்ணெய் மருந்தை ஏத்தி வச்ச சிரிஞ்ச் கொஞ்ச நேரத்துல இறுகிப் போயிடும். அழுத்தினாலும் நகராது. இதுவும் பெரிய சிரிஞ்ச்தானே?"

டீச்சருக்கே அது தோன்றவில்லை. அவள் நர்ஸம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா கேட்டீங்க. அண்ணே, சொல்லுங்க."

"இது ஆயிலுக்குன்னே செஞ்ச வாஷர்மா," என்ற கடைக்காரர், ஒரு இழுப்பறையைத் திறந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் போட்டார். "தேஞ்சா தனியா இது கிடைக்கும். பம்பைக் கழட்டி நீங்களே மாத்திக்கலாம். அந்தச் சிவப்புக்கு இதெல்லாம் வராது, கெட்டா தூக்கிப் போட வேண்டியதுதான்."

"முடிஞ்சுது," என்றாள் டீச்சர். "வாஷர் தனியா கிடைக்கிறதையே எடுத்துக்கலாம். ரெண்டு பொட்டலம் போடுங்க, கியர் ஆயிலும் செம்பு வளையமும் சேர்த்து."

ஆஃபர் சிவப்பு பம்பின் முள்ளைக் கடைசியாக ஒரு தடவை ஆட்டிவிட்டு வந்தான்.

வண்டி ஓடி வந்ததில் பெட்டியிலிருந்த ஆயில் சூடாகி இளகியிருந்தது. அதுவும் நல்லதுதான், சீக்கிரம் இறங்கும். வீட்டு வாசலில் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, டீச்சர் மேல் திருகின் குழியிலிருந்த சேற்றை ஆணியால் சுரண்டி எடுத்தாள். பிட்டை அடிவரை செருகினாள். நீளக் கைப்பிடியைப் பிடித்து, வெட்டி இழுக்காமல், உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். டக்கென்று ஒரு சத்தம்.

"உடைஞ்சுதா?" என்றான் ஆஃபர்.

"திறந்துச்சு."

அதன் பிறகுதான் கீழ் திருகு. பழைய ஆயில் கறுப்பாகத் தட்டில் இறங்கியது. கீழ் திருகின் நுனியில் ஒரு காந்தம் உண்டு; பெட்டிக்குள் தேய்ந்து விழும் இரும்பு அதில் ஒட்டிக்கொள்ளும். டீச்சர் அந்தத் திருகைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கியர் பல்லிலிருந்து உடைந்த சில்லு ஏதாவது ஒட்டியிருந்தால் கியர் பெட்டியே போயிற்று என்று அர்த்தம். வியாழக்கிழமையும் போயிற்று. அவள் அதை விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தாள். மை போல வழுவழுவென்று இருந்தது. சில்லு எதுவும் விரலில் தட்டவில்லை.

"பெட்டி நல்லா இருக்கு," என்று நர்ஸம்மாவிடம் விரலைக் காட்டினாள். "ஆயில்தான் செத்துப் போச்சு."

திருகைத் துடைத்து, கசியாமல் இருக்கப் புது செம்பு வளையம் போட்டு மூடினாள். மேலே குழாயைச் செருகிவிட்டு, "அடி," என்றாள். ஆஃபர் இரும்பு பம்பை அழுத்தினான். வெளியே ஒரு சொட்டு சிந்தாமல் ஆயில் ஏறியது. இரண்டு அடிக்குப் பிறகு அவன் முகமே மாறிவிட்டது.

"அண்ணி, வெண்ணெய் மாதிரி போகுது."

"பேசாம அடி. வழிய ஆரம்பிச்சா நிறுத்தணும்."

துளையின் விளிம்பில் மெலிதாக ஒரு கோடு வழிந்ததும் நிறுத்தி, வடியவிட்டு, மேல் திருகையும் இறுக்கினாள்.

நர்ஸம்மாதான் முதலில் ஓட்டினார். கடைவீதியைத் தாண்டியதும் டீச்சர் வேறெங்கோ பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது கியர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நர்ஸம்மா சந்தேகப்பட்டு அதை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இத்தனை நாள் எனக்கு வரலன்னு நினைச்சேன்."

"இப்ப என்ன நினைக்கிறீங்க?"

"அந்த ஆபீசரை ஒரு கை பார்க்கலாம்னு நினைக்கிறேன்."

வியாழக்கிழமை அவர் ஒரு கை பார்த்தார். ஒரு திருப்பத்தில் கொஞ்சம் அகலமாகப் போய்விட்டார். அதற்காகப் பதறாமல், கண்ணாடியைப் பார்த்து, வண்டியை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். இறங்கிய ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பார்க்கிங் இன்னும் பழகுங்க," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் காபி டம்ளரோடு வெளியே வந்தபோது, இரண்டாவது கார் ஏற்கெனவே ஸ்டாண்டில் நின்றது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் குனிந்து ஸ்டாண்டு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் ஆடாமல் உறுதியாக இருந்தன.

"அண்ணி," என்று அடியிலிருந்து குரல் வந்தது, "சின்ன பிட் இருக்குமே, அதை எடுத்துக் கொடுங்க. இந்த வண்டியில மேல் திருகுக்குக் குழி வேற அளவு."

டீச்சர் டம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் பிட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.