பாதி வார்டு, இரு மடங்கு அழுத்தம்

1.

"அமுக்கினா காத்துக்கு வலிக்குமா மாமா?"

கேட்டவள் என் தங்கை மகள். கையில் ஊசியில்லாத சிரிஞ்சு. முனையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தாள். சூடு மாறாதவரை, அடைபட்ட காற்றின் இடத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் இரு மடங்காகும் என்று பாடம் சொன்னேன். அவள் கேட்டது அதுவல்ல. அதனால்தான் இந்தக் கதை.

2.

தங்கை செவிலி. அவளுடைய வார்டின் நடுவே பலகைச் சுவர் எழுப்பி, பாதியைக் கண்காணிப்பாளர் தன் அறையாக்கிக்கொண்டார். நோயாளிகள் குறையவில்லை. கட்டிலோடு கட்டில் இடித்தது. அந்த மனிதர் ஒரு—

(அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். கடவுளுக்குப் பயந்தவன் எழுதும் சொல் அல்ல. நினைத்தது நினைத்ததுதான்.)

3.

ஒரு கட்டில் அவருடைய கதவை மறித்தது. நகர்த்தியவள் தங்கை; வேறு இடமில்லை.

"எந்தக் கழுதை இத இங்க தள்ளுச்சு?"

தங்கை குனிந்து கட்டில் விரிப்பைச் சரிசெய்தாள். பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்தாள். காலையில்தான் தங்கை அவள்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்திருந்தாள்.

"நாந்தான் சார். செவுத்துக்குள்ள தள்ளலாம்னு பாத்தேன், பலகை புதுசாச்சே."

"வாய் வேறயா? வேலை முடிஞ்சதும் கக்கூஸ் மொத்தத்தையும் நீயே கழுவிட்டுப் போ!"

ஆயாம்மாவுக்கு முட்டி மடங்காது.

4.

அடைபட்ட காற்று எல்லாச் சுவரையும் ஒரே அளவில் அழுத்தும். மனிதர்கள் இளைத்த சுவராகப் பார்த்து அழுத்துவார்கள். ஏமாந்தவர் தலையில்தான் மிளகாய் அரைப்பார்கள். என் உவமை தோற்றது. தோற்கட்டும்.

ஒரு முடிவு: தங்கை பலகைச் சுவரை உதைத்துச் சாய்க்கிறாள். (பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது.)

இன்னொன்று: கண்காணிப்பாளர் மனம் திருந்தி, கண்ணில் நீர்... (பொய். என் பிரார்த்தனை எதுவும் இவ்வளவு சீக்கிரம் பலித்ததில்லை. சுவர் இன்றும் நிற்கிறது.)

5.

தங்கை இதுவரைதான் சொன்னாள். "அப்புறம்?" என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். மீதியை நானே கட்டுகிறேன்.

"முதல்ல போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க ஆயாம்மா."

"வேலை கெடக்கே சிஸ்டர்."

"அது எங்க ஓடிடப் போகுது? உக்காந்து, மெதுவா குடிங்க."

ஆயாம்மா படியிறங்குகிறாள். அவள் தலை மறைந்ததும், தங்கை வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் நுழைகிறாள். ஆயாம்மாவுக்கே தெரியாமல் தீர வேண்டிய கடன் அது. எழுதினால் நான் சாட்சி, படித்தால் நீங்கள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுகிறது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழாயைத் திறந்து, அவள்—

(நான் எழுதப் போவதில்லை. நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள்.)