பேரின்பநாயகத்தின் எண்ணம்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஜப்பானியக் கம்பெனிகள் வரத் தொடங்கியதும், டைப்பிஸ்டான நான் சிராங்கூன் ரோட்டு மாடியில் நடந்த ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்து நாற்காலியில் கிளார்க் பேரின்பநாயகம்.

எண்ணத்தைச் சொல்ல வாக்கியக் கடைசியில் 'ட்சுமோரி' சேர்க்க வேண்டும் என்றார் ஒகாவா வாத்தியார். வாரந்தோறும் ஒவ்வொருவரும் ஓர் எண்ணத்தைச் சொல்ல வேண்டும்.

"பூரணத்தைக் கல்யாணம் செய்ய எண்ணியிருக்கிறேன்" என்றார் பேரின்பநாயகம், ஜப்பானிய மொழியில். வகுப்பே என் பக்கம் திரும்பிக் கை தட்டியது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரமும் அதையே சொன்னார். எட்டு மாதம் இதே பாட்டு. ஆனால் பஸ் ஸ்டாப்பில் தமிழில் அவர் கேட்டதெல்லாம் "நாளைக்கும் மழை வருமோ?" என்பது மட்டும்தான். எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. என் முறை வந்ததும் எழுந்து, "தைப்பொங்கலுக்குள் இவர் என் அப்பாவிடம் வந்து பேசாவிட்டால், வேறொருவரைக் கட்டிக்கொள்ள எண்ணியிருக்கிறேன்" என்று ஜப்பானிய மொழியிலேயே சொன்னேன்.

ஒரு பிழைகூட இல்லை என்றார் வாத்தியார்.

பேரின்பநாயகம் பேனாவைத் திறந்து அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "நல்ல வாக்கியம், பூரணம். சோதனைக்கு வரும் போல கிடக்கு" என்றார்.