முப்பது கிலோமீட்டர் சரளை

ஆற்றுப் பூங்கா அலுவலகத்தில் நான் தற்காலிகப் பணியாளனாகச் சேர்ந்து ஆறு வருடம் முடிந்திருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் மேலாளர் என்னை அழைத்து, சைக்கிள் பாதை ஒன்றை அமைத்து அதற்குச் சைக்கிள் சங்கத்தின் அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தால் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். கிடைக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"இல்லாட்டி இந்த வருஷத்தோட உங்க இடத்தையே எடுத்துடுவாங்க. மேலேர்ந்து வாய்விட்டே சொல்லிட்டாங்க."

சங்கம் கேட்டது சாதாரணப் பாதை அல்ல. தடித்த டயர் மாட்டிய சைக்கிளில், கல்லும் மண்ணும் கடகடக்க உடம்பு குலுங்கப் போவதற்கென்றே விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான பாதை. ஐம்பது கிலோமீட்டர் சுற்றில் குறைந்தது முப்பது கிலோமீட்டர் சரளையாக இருக்க வேண்டும். நல்ல ரோடு அதிகமானால் அங்கீகாரம் கிடையாது. இதை முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்து இரண்டு முறை எழுதிக் கேட்டேன். இரண்டு முறையும் அதே பதில்தான் வந்தது.

நான்கு மாதம் அலைந்தேன். ஆற்றங்கரை மரங்களுக்கு நடுவே பதினாலு கிலோமீட்டர், பிறகு வயல்வெளி, பிறகு மூன்று பழைய ஊர்கள். முதலாவது கல்பால ஊர், அடுத்தது மணிக்கூண்டு ஊர், கடைசியாக இடிந்த மதில் சூழ்ந்த கோட்டை ஊர். அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே நடந்து, நாற்பத்தாறு திருப்பங்களையும் வரிசை எண் போட்டு எழுதினேன். சரளை மட்டும் முப்பத்தொரு கிலோமீட்டர் தேறியது. விதிக்கு மேல் ஒரு கிலோமீட்டர் கையிருப்பு.

"ஊர்ல எல்லாரும் நல்ல ரோடு தேடுவாங்க. நீங்க மட்டும்தான் குண்டும் குழியுமா தேடிக்கிட்டு அலையுறீங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு என் காலில் தைலமும் தேய்த்துவிட்டாள்.

சங்கத்தின் பரிசோதகர் ஒரு வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அந்தச் செய்தியை மனைவி தன் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னாள். அவன் சாலைத் துறையில் பொறியாளன். அவள் சொன்னது இவ்வளவுதான்: அத்தானுக்கு வேலை நிரந்தரம் ஆகப் போகிறது, வியாழக்கிழமை பெரிய இடத்திலிருந்து ஆள் வந்து ரோட்டைப் பார்க்கப் போகிறார்கள். ஒரு வார்த்தைகூட அதில் தவறில்லை.

ஆனால் அவன் துறையில், ஆள் வந்து ரோட்டைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமென்று போனேன். மணிக்கூண்டு ஊருக்கு முன்னால் நான் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்த இடம் அது. முழுப் பாதையிலும் குலுக்கல் மிகுந்த நான்கு கிலோமீட்டர். அங்கே ஆவி பறக்க ரோடு ரோலர் போய்க்கொண்டிருந்தது. மைத்துனன் தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டே ஓடி வந்தான்.

"அத்தான்! உங்களுக்குச் சொல்லாம செய்யணும்னுதான் இருந்தேன். பாத்துட்டீங்களா? ஞாயித்துக்கிழமைலேர்ந்து வீட்டுக்கே போகல."

"என்னடா மாப்ளே இது?"

"அக்கா அழாத குறையாச் சொல்லிச்சு. அத்தானுக்கு இதுகூடச் செய்யலன்னா நான் என்ன தம்பி? இருக்கறதுலயே மோசமான இடத்தைப் பாத்துப் போட்டிருக்கேன். கைய வச்சுப் பாருங்க, கண்ணாடி மாதிரி!"

நான் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். சரளையிலேயே மிச்சமிருந்த ஒரே கல் அதுதான் போலிருந்தது. விதியை அவனுக்கு விளக்கிச் சொன்னேன். அவன் நம்பவில்லை. கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அத்தான், இவங்க ஏதாவது சாமியார் கூட்டமா?"

"சங்கம்டா."

"தோண்டிப் போட்டுடவா?"

"போட்ட மூணாம் நாள் தோண்டினா உன்னை விட்டு வைப்பாங்களா?"

"தண்ணிக் குழாய் பதிக்கறேன்னு சொன்னா தோண்டலாம். ஆனா அதுக்குக் குடிநீர்த் துறைலேர்ந்து அனுமதி வாங்கணும், ஆறு மாசம் ஆகும்."

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை மழை. மைத்துனன் போட்ட ரோடு எதுவும் இரண்டு மழைக்கு மேல் தாங்கியதாக எனக்கு நினைவில்லை. புதன்கிழமை பகல் முழுவதும் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் ஆசையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அக்கா வீட்டு விஷயமென்று அடிக்கல்லிலிருந்து எல்லாம் முறைப்படி போட்டிருந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்து போட்ட முதல் உருப்படியான ரோடு அது.

வியாழக்கிழமை பரிசோதகர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உருவம், ஹேண்டில்பாரில் ஒரு சிறிய குறிப்பேடு. நான் இரவல் சைக்கிளில் மூச்சு வாங்கப் பின்னால் போனேன். மைத்துனன் ஜீப்பில் வந்தான். தான் செய்த காரியத்துக்குத் தானே பதில் சொல்வதாகக் கூறி, அக்காவின் பேச்சையும் கேளாமல் வந்திருந்தான்.

ஆற்றங்கரையில் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தே இருந்தது. வயல்வெளியில் பாட்டுக்கூட முணுமுணுத்தார். புது ரோட்டின் விளிம்பில் இறங்கினார்.

"இது என்னங்க?"

நான் மறைக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் குறிப்பேட்டில் கழித்தார். "அப்ப இருபத்தேழுதான் வருது. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா விதி விதிதானே? சரி, வந்ததுக்கு முழுசாப் போயிட்டு வந்துடுவோம்."

மைத்துனன் ஜீப்புக்குள் தலையைக் குனிந்துகொண்டான். மீதிப் பாதையில் நான் எதையும் பார்க்கவில்லை. மனைவியிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன்.

கோட்டை ஊருக்குப் பிரியும் முப்பத்தொன்றாம் திருப்பத்தில் அவர் மறுபடி நின்றார். என் குறிப்பை எடுத்து உரக்கப் படித்தார்.

"'இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தார்ச் சாலை.' எங்க தாரு?"

எங்கும் இல்லை. கண்ணுக்கெட்டியவரை சரளைதான். நடந்து அளந்தபோதே அது எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் சாலைத் துறைப் பதிவேட்டில் அது தார்ச் சாலை. கடந்த எட்டு வருடத்தில் மூன்று முறை தார் போட்டதாக எழுதி முத்திரை வைத்திருந்தது. என் கண்ணுக்கு முத்திரை கிடையாது. தவிர, முத்திரைக்கு மேலிருந்த கையெழுத்து மைத்துனனுடையது. ஆகவே தார் என்றே எழுதிவிட்டேன்.

"சார், நீங்க ரோடு துறைதானே? சொல்லுங்க" என்று அவனிடம் திரும்பினார்.

"தார்தான் மேடம். அடியில இருக்கு."

"எவ்வளவு அடியில?"

"கொஞ்சம்..."

அவர் செருப்பு நுனியால் கிளறினார். கல்லுக்குக் கீழே கல், அதற்கும் கீழே மண். ஒரு மண்புழு நெளிந்துகொண்டு உள்ளே போனது.

"தாரா, சரளையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

தார் என்றால் என் வேலை போகும். சரளை என்றால் அவன் போட்ட மூன்று கையெழுத்தும் பொய்யாகும். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரளைதான் மேடம்" என்றான். "எழுதிக்குங்க."

"இருபத்தேழும் அஞ்சும் முப்பத்திரண்டு. போதும்!" அவர் சைக்கிளில் ஏறி, ஐந்து கிலோமீட்டரும் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கியபோது கண் பளபளத்தது. "நான் பாத்த பாதைலயே இதான் முதல் தரம். இத்தனை வருஷமா யாரும் தொடாம இப்படிக் காப்பாத்தியிருக்கீங்களே! யாரு பொறுப்புல இருக்கு?"

"என் பொறுப்புலதான் மேடம்" என்றான் மைத்துனன். அவன் குரலில் லேசாகப் பெருமை தட்டியதை நான் கவனித்தேன்.

அடுத்த மாதம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. கூடவே சங்கத்தின் கடிதமும் வந்தது. கோட்டை ஊர்ச் சரளையை இன்றுள்ளபடியே காக்க வேண்டும், அங்கே தார் போடும் திட்டம் ஏதும் இல்லையென்று சாலைத் துறையிடம் எழுதி வாங்கி ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும், தவறினால் அங்கீகாரம் ரத்தாகும். நிரந்தர ஊழியனாக நான் எழுதிய முதல் கடிதம், "உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்களுக்கு" என்று தொடங்கி மைத்துனனுக்குப் போனது.

அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்து என்மேல் பாய்ந்தான்.

"அத்தான், விளையாடறீங்களா? சரளை இருக்கும்னு நான் எழுத்துல குடுத்தா என் கழுத்துக்கு நானே கயிறு திரிச்ச மாதிரி ஆகாதா? வாயால சொன்னது காத்தோட போச்சு. பேப்பர்ல எப்படி?"

"சரளைன்னு எழுத வேண்டாம்டா. தார் போட மாட்டோம்னு மட்டும் எழுது."

"ஏன் போட மாட்டேன்னு மேல கேப்பாங்களே?"

"அதை நீதான் யோசிக்கணும்" என்றாள் அவன் அக்கா. "எட்டு வருஷமா யோசிச்சவன்தானே?"

மூன்றாம் நாள் பதில் வந்தது. முறையான தாள், வலது மூலையில் எண், கீழே முத்திரை. "மேற்படி சாலைக்கு ஏற்கெனவே மூன்று முறை தார் போடப்பட்டு, அது மிக நல்ல நிலையில் இருப்பதால், அங்கு மீண்டும் தார் போடும் உத்தேசம் இத்துறைக்கு இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

இரண்டு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை. பாதையில் சரளை பத்திரமாக இருக்கிறது என்பதற்கு ஆதாரமாக அதைக் கோப்பில் சேர்த்து, ஒரு நகலைச் சங்கத்துக்கு அனுப்பினேன்.