ஒற்றை மிதி விமானம்

என் அக்கா விமானப் பட்டறையில் மீட்டர் பழுது பார்த்தவள். பார்வை போனதும் உள்ளறைக் கட்டிலோடு ஒட்டிக்கொண்டாள். வாசல் அறையில் நான் துணி தைக்கிறேன். இடையில் ஒரு கதவுதான். அதைத் தாண்டி வரச் சொல்லிக் கெஞ்சினேன், திட்டினேன், மசியவில்லை. இப்படியே கிடந்து கரைந்து போய்விடுவாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

போட்டோ வந்தால் மட்டும் எழுந்து உட்காருவாள். பழைய விமானப் பைத்தியங்கள் விமானி உட்காரும் இடத்தைப் படமெடுத்து, இது என்ன விமானம் என்று அக்காவைக் கேட்டு என் போனுக்கு அனுப்புவார்கள். நான் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு என்ன தெரியும்?

“சட்டைப் பொத்தான் மாதிரி வட்டவட்டமா இருக்குக்கா.”

“மண்டு. பலகை மரமா, தகரமா?”

“மரம். மேல கூரை இல்ல. ஓரத்துல ஒரு குழாய் தொங்குது.”

“முன்சீட்டும் பின்சீட்டும் பேசிக்கிற குழாய்டா அது. அந்தக் காலத்து டைகர் மாத் விமானம்!”

சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கிக் காற்று வாங்குவாள். மின்விசிறி ஓடாத அறையில் அவள் முடி பறக்கும். சனியன், எனக்கும் மேகம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

பிறகு போட்டோ வருவது நின்றது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல், தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே கத்தினேன்.

“அக்கா, போட்டோ வந்திருக்கு! கைவேலை கிடக்கு, இங்கிருந்தே சொல்றேன். மரப்பலகை. இடப்பக்கம் ஜன்னல். வலப்பக்கம் சக்கரம்.”

கட்டில் கிரீச்சிட்டது. “சக்கரம் வலப்பக்கமா? கீழ மிதி?”

“ஒண்ணுதான். ரெண்டு காலையும் வைக்கலாம்.”

“ரெண்டு மிதி இல்லாம எப்படிடா திரும்பும்? எத்தனை இன்ஜின்?”

“ஒண்ணு. சாப்பாடு போட்டா ஓடும்.”

கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. போச்சு, கண்டுபிடித்துவிட்டாள், இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

“தொட்டுப் பார்த்தாதான் சொல்ல முடியும். கொண்டா இங்க.”

“கனம்க்கா. நீதான் வரணும்.”

சுவரைத் தடவும் ஓசை. கதவு திறந்தது. எழுந்து இடம் விட்டேன். அக்கா உட்கார்ந்து சக்கரத்தை வருடினாள், வெறுங்காலை மிதியில் வைத்தாள். மிஷின் ஓடியது. தரை அதிர்ந்தது. கொடியில் தொங்கிய சட்டைகள் கைவீசின. ஜன்னலில் வீதி மெல்லக் கீழே இறங்கியதைப் பார்த்தேன், சத்தியமாக.

“எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சு, சோம்பேறி?” என்றாள்.

“மெதுவாக்கா, துணி மாட்டிக்கும்!” என்று அதட்டினேன்.

“வாய மூடிட்டு பெல்ட்டப் போடுடா.”

கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன்.