வேகமான சிப்பு

பழைய போர்டிலேயே பொருந்துகிற நூற்று முப்பத்துமூன்று சிப்பா, இல்லை போர்டையும் சேர்த்து மாற்றிவிட்டுப் பென்டியமா... எதைச் சொன்னாலும் ஏன் அதைச் சொன்னே என்று வீட்டுக்காரர் நேசையன் கேட்பார், என்ன பதில் சொல்வது, கிருபாபாய்க்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன, சதுர வில்லைகள், அடியில் சீப்புப் பல்லாகக் கம்பிகள், கார் ஓட்டி விளையாடுவதற்கு இதில் எது தோது என்று அவள் என்னத்தைக் கண்டாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலாங்கிளாஸ் டீச்சர், அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி ராஜபாளையம் வந்து இந்தக் கம்ப்யூட்டர் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அவரே வந்திருந்தால் கடைக்காரரோடு ஒருமணி நேரம் பேசியிருப்பார், மில்லில் இருபது வருஷம் எலக்ட்ரீஷியன், எந்த மோட்டாரையும் கழற்றிப் பார்க்காமல் குறை சொன்னதில்லை, இப்போது நாற்காலியைவிட்டு எழுந்து வாசல்வரை வருவதற்கே இவள் தோள் வேண்டும். வேலையைவிட்டு நின்றபோது மில் ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய 486 கம்ப்யூட்டரை அவருக்குக் கொடுத்தார்கள், சம்பளப் பட்டியல் அடித்த பெட்டியில் இப்போது நாள் முழுக்கச் சிவப்புக் கார் ஓடுகிறது... ஓடட்டுமே, அதுவாவது ஓடட்டும். மதுரை டாக்டர் அவரிடம் நோய் காலோடு நின்றுவிடும் என்றார், வெளியே வராந்தாவில் இவளிடம் மட்டும், அடுத்தது கைதாம்மா, என்றார். அந்த வார்த்தையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, ஒன்றரை வருஷமாக நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது, ஜெபத்தில்கூட உரக்கச் சொன்னதில்லை. போன மாதத்திலிருந்து கார் மூன்றாவது வளைவில் போய் மோதுகிறது. "நான் அமுக்குறது அதுக்கு லேட்டாத்தான் கேக்குது, கிருபா. சிப்பு பழசு. வேகமானதா ஒண்ணு பாத்துட்டு வா." கேட்டதும் எவ்வளவு நிம்மதி அவளுக்கு, மெஷின்தான், மெஷின்தானே, மாற்றிவிட்டால் சரியாகிவிடும்...

"லேட்டாவா? அப்படி இருக்காதே, டீச்சர்" என்றார் கடைக்காரர் காளிராஜ். மூலையில் ரிப்பேருக்கு வந்த ஒரு 486 இருந்தது, அதே கார் விளையாட்டைப் போட்டுவிட்டு, "நீங்களே அமுக்கிப் பாருங்க" என்று நகர்ந்துகொண்டார். வீட்டில் ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை. அம்புக்குறிப் பித்தானை அமுக்கினாள், கார் திரும்பியது, மறுபடி அமுக்கினாள், விரலை எடுக்கும் முன்னே திரும்பிவிட்டது. இன்னொரு தடவை... வேண்டாம், போதும். நகத்தோரம் சாக்பீஸ் தூளோடு இருந்த தன் விரலைப் பார்த்தாள், இத்தனை சுலபமாக வேலை செய்கிற விரல், அதை மடியில் மறைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கடைக்கான சீட்டைக்கூட அவர் எழுதவில்லையே, நீயே எழுதிக்கோ என்று சொல்லச் சொல்ல இவள்தானே எழுதினாள், காலையில் அது ஏன் உறைக்கவில்லை? காளிராஜ் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், புதுசு போட்டால் இந்தப் பழைய கேம் எல்லாம் இன்னும் பறக்குமாம், நம்ம கையே அதுக்கு ஈடு குடுக்காதாம். "இதையே இன்னும் மெதுவா ஓட வைக்க வழி இருக்கா?" வேகமானது கேட்டு வந்தவள் இப்படிக் கேட்டதும் அவர் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "முன்பக்கம் டர்போன்னு ஒரு பட்டன் இருக்கும், டீச்சர். அதை அமுக்குனா வேகம் பாதியாயிரும். பக்கத்துல நம்பர் அறுபத்தாறு போயி முப்பத்துமூணு எரியும். அம்புட்டுதான்" என்றார். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், எதைக் கொண்டுவரட்டும் என்று கேட்டதற்கு, சொல்லி அனுப்புறேன் என்று எழுந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அமுக்கிவிட வேண்டும், பொய்தான், இருக்கட்டும், சனிக்கிழமை காளிராஜ் வந்து சும்மா மூடியைத் திறந்து மூடட்டும், புதுசு போட்டாச்சு என்று சொல்லட்டும், மூன்றாவது வளைவை அவர் தாண்டட்டும், இன்னும் கொஞ்ச நாள், எத்தனை நாள்... மடவார் வளாகம் ஸ்டாப் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் அவர் மெஷின் முன்னால்தான் இருந்தார், முதுகு மட்டும் தெரிந்தது, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார். கீழே விழுந்து கிடந்த துண்டை எடுக்கிற சாக்கில் குனிந்து பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். பச்சையாக எரிந்துகொண்டிருந்த எண் முப்பத்துமூன்று.

"என்ன சொன்னான் கடையில?" திரும்பாமலே கேட்டார்.

"நல்ல வேகமானதா இருக்காம். சனிக்கிழமை வாராராம்."

கார் போய் மோதி நின்றது. "பாத்தியா, எம்புட்டு மந்தம் இது" என்று சிரித்தார், அவளும் ஆமா என்றாள். எப்போது அமுக்கினார், போன மாதமா, அதற்கும் முன்பா, மெதுவாக்கிவிட்டும் முடியாமல் போன பிறகா இவளை அனுப்பினார், இவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றா... பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடலாம், உங்களுக்கு எப்பத் தெரியும் என்று ஒரே ஒரு கேள்வி, வாய்வரை வந்தும்விட்டது, ஆனால் கேட்டால், உனக்கு எப்பத் தெரியும் கிருபா என்று அவர் திருப்பிக் கேட்பாரே.