மூன்று பக்கப் புகார்

அந்தத் தெருவில் மொத்தம் பதினேழு பார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், பதினேழிலும் யாராவது ஒருத்தர் மைக்கைத் தட்டித் தட்டி "செக், செக்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஒரு வாசலில் கிட்டார், அடுத்த வாசலில் ட்ரம்பெட், அதற்கடுத்ததில் பிறந்தநாள் கொண்டாட வந்த கூட்டம் சுருதி என்றால் கிலோ என்ன விலை என்று பாடிக்கொண்டிருக்கும். தெருவில் நடந்து போகிறவர் பத்தடிக்கு ஒரு பாட்டு மாற வேண்டியதுதான்.

நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு பார்களில் ஒன்று அக்காவுடையது, மற்றது தம்பியுடையது. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். சொந்தத் தம்பி மட்டும் நாலு வருஷமாக எதுவும் கூப்பிடுவதில்லை.

அதற்கு முன் இரண்டும் ஒரே பார், அம்மா விட்டுப்போனது. அக்கா பாடுவாள், தம்பி டிரம் வாசிப்பான். ஒருநாள் கச்சேரி முடிந்ததும் அக்கா, "நீ போடுற போடுல நான் பாடுறேனா வாயசைக்கிறேனான்னு எனக்கே தெரியலடா" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். தம்பியும் சும்மா இருந்திருக்கலாம். "காலம் பூரா உன் பாட்டுக்குத் தாளம் போடணும்னு என் தலையில எழுதியிருக்கா?" என்றான். வார்த்தை தடித்தது. செத்துப்போன அம்மா யாருக்கு அதிகம் பால் கொடுத்தாள் என்கிற வரைக்கும் போனது. மறுவாரம் கொத்தனார் வந்து, நட்டநடுவில் சுவர் எழுப்பிவிட்டார்.

மேடை மட்டும் மரம். செங்கல் பாரம் தாங்காது என்று அதன் மேல் தச்சர் பலகை அடித்தார். அடித்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. ஒரு ஆணி அடிக்கவில்லை, பலகைக்கு ஆறு திருகாணி முடுக்கிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். "அரைகுறை வேலை" என்று அக்கா நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பலகை வழியாகத் தும்மல்கூடக் கேட்கும். அப்புறம் டிரம் கேட்காதா?

அக்கா புதிதாக டிரம்மர் யாரையும் வைக்கவில்லை. பியானோக்காரர் ஒருவர்தான். கேட்டால், "மேடையில இடம் எங்க இருக்கு?" என்பாள். தம்பி பாடுகிறவர் யாரையும் வைக்கவில்லை. கேட்டால், "எங்களுது வெறும் வாத்திய இசை" என்பானாம். திங்கட்கிழமை இரண்டு கடைக்கும் விடுமுறை, மற்றபடி தினம் ஏழு மணிக்கு அக்கா குதிகாலால் மேடையை மூன்று தரம் தட்டுவாள். செருப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். உடனே பலகைக்கு அந்தப் பக்கம் டிரம் குச்சிகள் நாலு தரம் தட்டும். அப்புறம் பாட்டு ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முழுக் கச்சேரி கிடைத்தது. "டிரம் யாருங்க, ஆளையே காணோம், பிச்சு உதறுறாரே?" என்று யாராவது கேட்டால் அக்கா, "டிரம்மா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பாள். பியானோக்காரர் கட்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை காலையில் தம்பி கடை வாசலில் ஒரு போர்டு முளைத்தது. 'வெள்ளி முதல் புதிய பாடகி.'

அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என் டிரம்முக்கு இன்னொருத்தி பாடுறதா?"

"உங்க டிரம்மா? உங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் பியானோக்காரர்.

"நீங்க உங்க கட்டையை மட்டும் தட்டுங்க."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து நகர அலுவலகத்தின் ஒலிப் பிரிவுக்குப் புகார் எழுதினாள். பக்கத்துக் கடை டிரம் சத்தம் தாங்க முடியவில்லை என்று ஒரு வரியில் முடிக்க வேண்டிய விஷயம். மூன்று பக்கம் எழுதினாள். எழுத எழுதக் கை நிற்கவில்லை. எந்தப் பாட்டில் வேகம் கூடுகிறது, எந்த இடத்தில் தேவையில்லாமல் சிஞ்சாத் தட்டை அடிக்கிறான், எந்தக் கிழமை எப்படி வாசிக்கிறான், ஒன்று விடவில்லை. தபாலில் போட்டுவிட்டு வந்து ஒரு எலுமிச்சை சோடா குடித்த பிறகுதான் நெஞ்சு ஆறியது. யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு அதட்டல் கடிதம் தம்பிக்கு வரும், பயந்துபோய் அந்தப் பாடகியை அனுப்பிவிடுவான், அவ்வளவுதான் அவள் கணக்கு.

குழாய் உடைந்தால் மூன்று மாதம் கழித்து எட்டிப்பார்க்கிற நகர அலுவலகம், இந்தக் கடிதத்துக்கு மட்டும் இரண்டே நாளில் ஆளை அனுப்பியது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, நாற்காலிகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, கக்கத்தில் கோப்பும் கையில் ஒலி அளக்கிற கருவியுமாக ஒருவர் வந்து நின்றார். படிந்த தலை, சிரிக்காத முகம்.

"புகார் கொடுத்தது நீங்கதானே? சத்தத்தை அளக்க வந்திருக்கேன். அளவு மீறினா இன்னிக்கே அந்தக் கடைக்கு இசை அனுமதி ரத்து. ஒரு வருஷத்துக்கு அங்க யாரும் ஒரு குச்சியைக்கூடத் தொடக்கூடாது."

ஒரு வருஷம்! அக்கா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். ஒரு வருஷம் அவன் வாசிக்காமல் இருப்பானா? கையைக் கட்டிப்போட்டால் சாப்பாட்டு மேசையைத் தட்டுவான், மேசையை எடுத்தால் முழங்காலைத் தட்டுவான், நாலு வயசிலிருந்து அப்படித்தான். அப்புறம் அவள்? ஏழு மணிக்குக் குதிகாலால் தட்டிவிட்டு எதற்குக் காத்திருப்பாள்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், நான் அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"பதிவு பண்ணியாச்சும்மா. வாபஸ் கிடையாது."

"சத்தமே இல்ல சார் இப்ப. நின்னு போச்சு. ரெண்டு நாளாச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, பலகைக்கு அந்தப் பக்கம் 'டமார்' என்று விழுந்தது ஒரு அடி. ஒத்திகை. மேசையில் இருந்த கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதிகாரி கருவியைத் தூக்கிப் பார்த்தார். முள் ஓடிப்போய்க் கடைசியில் நின்றுகொண்டது.

"இது எங்க டிரம் சார்" என்றாள் அக்கா.

"உங்களுதா? டிரம்மர் எங்க?"

"கூச்ச சுபாவம். ஆளுங்களைப் பார்த்தா வர மாட்டார். திரைக்குப் பின்னாடி உட்கார்ந்துதான் வாசிப்பார்."

அதிகாரி மேடை ஏறித் திரையை விலக்கினார். பலகை இருந்தது. பலகையை உற்றுப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் வேறென்ன நடக்கும்? அக்கா திருதிருவென்று முழித்தாள். பியானோக்காரர் இருமினார்.

"இந்தாம்மா, பக்கத்துக் கடையிலேர்ந்து வந்தா அது சத்தம். உங்க கடைக்குள்ளேயே வந்தா அது பாட்டு. ரெண்டுல எது?"

பதில் சொல்வதற்குள் பியானோக்காரர் முந்திக்கொண்டார். "சார், கட்டடம் இன்னும் அவங்க அம்மா பேர்லதான் இருக்கு. ஒரே கதவு எண். மாத்தவே இல்ல."

"அப்ப ரெண்டு கடையும் ஒண்ணா? நடுவுல இது என்ன?"

"அதுவா? மரத் திரை சார்" என்றாள் அக்கா. "கழட்டுற திரை." அந்தத் தச்சர் மகராசன் ஏன் ஆணி அடிக்கவில்லை என்று நாலு வருஷம் கழித்து அவளுக்குப் புரிந்தது. எலுமிச்சை நறுக்குகிற கத்தியை எடுத்தாள், முனையைத் திருகாணிக்குள் வைத்தாள், திருகினாள். முதலாவது துரு. இரண்டாவதில் விரலைக் கீறிக்கொண்டாள். மற்ற நாலும் இதற்காகவே காத்திருந்த மாதிரி கழன்று விழுந்தன. பியானோக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, பலகை நகர்ந்தது.

அந்தப் பக்கம் டிரம் நின்றது.

தம்பி குச்சியைத் தூக்கியபடி அப்படியே இருந்தான். தலை நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? தெருவில் தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதில் அவள் கவனிக்கவேயில்லை. அவன் டிரம்மைப் பார்வையாளர் பக்கம் போடவில்லை, பலகையைப் பார்த்துப் போட்டிருந்தான். மற்ற மூன்று சுவருக்கும் தெருச் சத்தம் வராமல் இருக்கக் கனமாகப் பஞ்சு மெத்தை அடித்திருந்தது. இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒன்றும் அடிக்கவில்லை.

அவனுக்குப் பக்கத்தில் புதிய பாடகி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தாள். "நீங்களே கேளுங்க சார்! நான் ஒரு பாட்டு பாடறேன், இவர் வேற யாரோ பாடற பாட்டுக்கு வாசிக்கிறார். நான் மூச்சு விடற இடத்துல அடிக்கிறார், அடிக்க வேண்டிய இடத்துல நிறுத்திட்டுக் காத்திருக்கார். யாருக்காகக் காத்திருக்கீங்கன்னு கேட்டா முழிக்கிறார். எனக்கு வேற கடை இல்லையா என்ன?" விடுவிடுவென்று போய்விட்டாள். தெருவில் அவளுக்குப் பதினைந்து கடை இருந்தது.

அதிகாரி கோப்பைத் திறந்தார். "கடை ஒண்ணுதான்னா இது பக்கத்துக் கடைச் சத்தம் இல்ல, புகாரை முடிச்சுடலாம். அதுக்கு உள்ளே இருக்கற ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். புகாரைப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"என்ன புகார்?" என்றான் தம்பி. நாலு வருஷத்தில் அவள் முன்னால் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்.

"நான்தான் கொடுத்தேன்" என்றாள் அக்கா. "அந்தப் போர்டைப் பாத்ததும் பொறுக்கலடா. வேற ஒருத்தி கூட நீ வாசிச்சா எனக்கு யார் இருக்கா? அதான் எழுதிட்டேன். உன் கையைக் கட்டிப் போட்டுடுவாங்கன்னு சத்தியமா நினைக்கலடா."

தம்பி மூன்று பக்கத்தையும் வாங்கிப் படித்தான். மெதுவாகப் படித்தான். முதல் பக்கத்தில் புருவம் ஏறியது. இரண்டாவதில், "சிஞ்சா அங்க தேவைதான்" என்று முணுமுணுத்தான். மூன்றாவதில் நின்றுவிட்டான். சத்தமாகவே படித்தான். "'செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் சோர்ந்து, மெதுவாக வாசிக்கிறார். திங்கட்கிழமை கடை விடுமுறை என்பதால் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நினைக்கிறேன். சமைக்கத் தெரியாது.'"

"இதைத்தாம்மா நாங்க ஆபீஸ்ல நாலு பேர் உட்கார்ந்து படிச்சோம்" என்றார் அதிகாரி. "சத்தத்தைப் பத்தி ஒரு வரி, மீதியெல்லாம் இது. என்ன வீடுன்னு பாத்துட்டு வரலாம்னுதான் நானே கிளம்பி வந்தேன்." அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

தம்பி பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போடாமல் அந்த வரியின் மேல் முனையை வைத்துக்கொண்டு நின்றான்.

"இது தப்புக்கா."

"எது?"

"எனக்குச் சோர்வெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒருநாள் லீவு விட்டா உனக்குத் தொண்டை கட்டிக்கும். செவ்வாய்க்கிழமை நீதான் மெதுவாப் பாடுவே. நான் உன் கூட வந்தேன்."

அக்கா கீறின விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"சமைக்கத் தெரியாதுங்கிறது?" என்று கேட்டார் அதிகாரி, கோப்பில் குறித்துக்கொண்டே.

"அது சரிதான் சார்" என்று சொல்லிவிட்டுத் தம்பி கையெழுத்துப் போட்டான்.